பெட்டியை மாற்றினால் படம் மாறாது

"பாக்ஸ மாத்திருங்க அண்ணாச்சி, படம் கண்ணாடி மாதிரித் தெரியும்." அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் என்று பொதிகை அடிவாரத்து ஊர்களில் டிவிக் கடை வாசலில் கொஞ்ச நேரம் நின்றால் இந்த வாக்கியம் காதில் விழும். டிஷ் மாட்ட வருகிறவர் சொல்கிறார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்கிறார், விடுமுறைக்கு வந்த மகன் சொல்கிறான். பழைய டிவியில் படம் மங்கலா? புது எச்டி பெட்டி வாங்கு. அது ஏற்கெனவே இருக்கிறதா? 4கே ஸ்டிக் வாங்கிச் செருகு. இந்த நம்பிக்கை தவறு. எங்கே தவறு, ஏன் தவறு, யாருக்கு அதனால் நட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தரப்பின் வாதத்தை அதன் முழு வலுவோடு வைக்கிறேன். சேனல்கள் எச்டிக்குப் போய்விட்டன. பழைய பெட்டியால் அந்தச் சிக்னலைப் பிரிக்க முடியாது. புதுப் பெட்டியால் முடியும். புதுப் பெட்டியின் சிப் வேகமானது, நிறத்தையும் கூர்மையையும் திருத்தி அனுப்பக்கூடியது. டிவி என்பது வந்ததைக் காட்டும் கருவிதான். நல்லது வந்தால் நல்லதைக் காட்டும். புது டிவிக்குப் பல ஆயிரம் ரூபாய் வேண்டும், பெட்டிக்கு அதில் ஒரு பங்கு போதும். வசதியில்லாதவர் பெட்டியையாவது மாற்றிக்கொண்டால் பாதிப் பயனாவது கிடைக்குமே!

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. இதில் பாதிக்கு மேல் உண்மையும் உண்டு. "வந்ததைக் காட்டும் கருவி" என்ற ஒரே வரியில்தான் பிழை ஒளிந்திருக்கிறது. டிவி வந்ததை எல்லாம் காட்டுவதில்லை. தன்னால் உள்ளே விட முடிந்த அளவைத்தான் காட்டும்.

இந்த வாதம் யாருடைய பணத்தைக் கரைக்கிறது என்பதைப் பேசாமல் மேலே போக எனக்கு மனமில்லை. சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929-ல் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்ற 8,300 ஏக்கருக்கும் மேற்பட்ட காட்டில் பாம்பே பர்மா கம்பெனி எழுப்பிய தேயிலைத் தோட்டங்கள்தான் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. அங்கே நாள் கூலியை உயர்த்தக் கேட்டும் சிறையில் இருந்த தொழிலாளரை விடுவிக்கக் கேட்டும் 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் போன ஊர்வலம் தடியடியில் சிதறி, 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். குத்தகை 2028-ல் முடியவேண்டியது. அதற்கு முன்பே, 2024-ல், விருப்ப ஓய்வு என்ற பெயரில் வேலை நின்றது. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய குடும்பங்கள் லைன் வீடுகளைக் காலி செய்து கீழே இறங்கின. அப்படி இறங்குகிற வீட்டின் சாமான்களில் டிவியும் ஒன்று. வாடகை வீட்டில் அதை வைத்துப் போட்டதும் படம் சரியில்லை என்று தோன்றும். ஆலோசனை சொல்ல ஆளும் வந்துவிடுவார். அந்தக் கையிலிருந்து தவறான ஆலோசனையால் போகும் ஆயிரம் ரூபாயை அற்பத் தொகை என்று ஒதுக்க என்னால் முடியாது.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? மக்கள் ஏமாளிகள் என்பதால் வரவில்லை. ஒரு காலத்தில் அது உண்மையாக இருந்தது. விசிடி காலத்தை நினைத்துப் பாருங்கள். ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும் என்பதால் தமிழ்ப் படங்கள் இரண்டு மூன்று தட்டுகளாக வந்தன. அதில் படத்தின் அளவு அகலத்தில் 352, உயரத்தில் 288 புள்ளிகள். டிவிடி வந்தபோது அது 720-க்கு 576 ஆனது. நான்கு மடங்குக்கும் மேல். அதே டிவி, அதே ஒயர், பிளேயரை மட்டும் மாற்றினார்கள். படம் வேறாகத் தெரிந்தது. அடுத்து, அனலாக் கேபிளில் கொசு பறப்பதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரிந்த சேனல்கள், செட்டாப் பாக்ஸ் வந்ததும் துடைத்துவிட்டதுபோல் ஆயின. இரண்டு முறை கண்ணால் கண்டவர்கள் மூன்றாவது முறையும் அதுவே நடக்கும் என்று நம்பினார்கள். ஆனால் முதல் இரண்டு முறையும் டிவியின் கொள்ளளவுக்குக் கீழேதான் படம் வந்துகொண்டிருந்தது. ஏற இடம் இருந்தது, ஏறியது. டிவிடியும் டிஜிட்டல் எஸ்டி (எச்டி அல்லாத சாதாரணத் தர) சேனலும் அந்தக் கொள்ளளவை எட்டிவிட்டன. அதற்கு மேல் எதைக் கொடுத்தாலும் வெளியே நின்றுவிடும். மணிமுத்தாறும் பாபநாசமும் நிரம்பி வழிந்தாலும் கன்னடியன் கால்வாயில் அதன் மதகு விடும் தண்ணீர்தானே போகும்!

இனி மறுப்புகள்.

1. டிவியின் முதுகைப் பார்க்காமல் பெட்டியின் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறார்கள். 2006 முதல் 2011 வரை தமிழக அரசு குடும்ப அட்டைக்கு ஒன்று என்று ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குல வண்ண டிவிகளைக் கொடுத்தது. அந்தக் காலத்து பிக்சர் டியூப் டிவிகளில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டே வழிகள்: ஒன்று ஆண்டெனா பின், மற்றொன்று மஞ்சள், வெள்ளை நிற ஏவி துளைகள். எச்டிஎம்ஐ கிடையாது.

ஆண்டெனா பின் வழியாக என்ன போகும்? நம் நாட்டு 'பால்' (PAL) டிவி முறையில் ஒரு வரியின் கண்ணுக்குத் தெரியும் பகுதியை வரைய 52 மைக்ரோ விநாடி. ஒளிக்கு ஒதுக்கியது 5 மெகாஹெர்ட்ஸ். அதாவது ஒரு வரிக்குள் 260 முறை ஏறி இறங்கலாம். ஏறினால் வெள்ளை, இறங்கினால் கறுப்பு என்று வைத்தால் ஒரு வரியில் அதிகபட்சம் 520 புள்ளிகள். எச்டி சேனலில் ஒரு வரிக்கு 1920 புள்ளிகள். மீதி 1400 புள்ளிகள் எந்த வழியாக உள்ளே போகும்? வழியே இல்லை. பெட்டியின் விலை ஆயிரமானாலும் பத்தாயிரமானாலும் இந்தக் கணக்கு மாறாது.

மஞ்சள் ஒயர் இதைவிடக் கொஞ்சம் மேல், ஆனால் அதற்கும் ஒரு வியாதி உண்டு. வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து வருகின்றன; நிறம் 4.43 மெகாஹெர்ட்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கும். டிவி இரண்டையும் திரும்பப் பிரிக்க வேண்டும். விலை குறைந்த டிவிகள் அந்த இடத்தையே வெட்டிவிடுகின்றன. கூடவே நுணுக்கமான விவரமும் வெட்டுப்படுகிறது. செய்தி வாசிப்பவரின் நெருக்கமான கட்டம்போட்ட சட்டையில் வானவில் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அது டிவிக்குள் நிறமும் வெளிச்சமும் பிரியாமல் சண்டையிடுவதன் விளைவு. எச்டி பெட்டியிலிருந்து வந்தாலும் அதே சட்டையில் அதே வானவில் ஓடும், ஏனென்றால் அது வருவதும் அதே மஞ்சள் ஒயரில்தான்.

2. எச்டி பெட்டி பழைய டிவிக்கு எச்டியை அனுப்புவதே இல்லை. இதை விற்கிறவர் சொல்வதில்லை, வாங்குகிறவர் கேட்பதில்லை. பெட்டி 1080 வரிகளை வாங்கி, உள்ளுக்குள்ளேயே 576 வரிகளாகச் சுருக்கி, ஏவி துளை வழியாக வெளியே தள்ளுகிறது. பழைய எஸ்டி பெட்டி அனுப்பிக்கொண்டிருந்ததும் அதே 576 வரிகள்.

இத்தோடு போகாது, இன்னும் கீழே இறங்கும். எச்டி சேனல்கள் அகலத்திரைக்கு எடுக்கப்பட்டவை: பதினாறுக்கு ஒன்பது. பழைய டிவி நான்குக்கு மூன்று. அகலப் படத்தைச் சதுரத் திரையில் உருவம் கெடாமல் காட்ட வேண்டுமானால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை விட வேண்டும். அப்போது படத்துக்குக் கிடைப்பது 576 வரிகளில் முக்கால் பங்கு, 432 வரிகள். கூடுதல் பணம் கொடுத்து 144 வரிகளை இழந்ததுதான் மிச்சம். கறுப்புப் பட்டை வேண்டாம் என்று ரிமோட்டில் மாற்றினால் ஆட்கள் எல்லோரும் ஒல்லியாக, நெட்டையாக நீண்டுவிடுவார்கள். பக்கவாட்டில் வெட்டச் சொன்னால் ஓரத்தில் ஓடும் செய்தி எழுத்தும் கிரிக்கெட் ஸ்கோரும் அறுந்துபோகும். மூன்றில் எதைத் தேர்ந்தெடுத்தாலும் பழைய எஸ்டி படத்தைவிட இது மேல் என்று சொல்ல முடியாது.

3. "அப்ஸ்கேலிங்" என்ற சொல்லுக்கு மயங்காதீர்கள். டிவிடி பிளேயரின் அட்டைப்பெட்டியில் 1080 என்று பெரிதாக அச்சடித்து விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். டிவிடித் தட்டில் ஒரு காட்சிக்கு இருப்பது 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். அதை 20,73,600 ஆக, சரியாக ஐந்து மடங்காக, பிளேயர் ஊதிப் பெருக்குகிறது. புதிதாக வந்த புள்ளிகள் எங்கிருந்து வந்தன? பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்பியவை. நடிகரின் மீசையில் தட்டில் இல்லாத ஒரு மயிர்கூட அதனால் கூடுதலாகத் தெரியப்போவதில்லை. இந்த ஊதிப் பெருக்கலும் எச்டிஎம்ஐ வழியாக மட்டும்தான். மஞ்சள் ஒயரில் மாட்டினால் அந்தச் சிப் வேலையே செய்யாது. தட்டில் இருந்த 576 வரிகள் அப்படியே வரும். "புரோகிரெசிவ் ஸ்கேன்" என்ற ஒட்டுவில்லைக்கும் இதே கதி. அதை ஏற்க டிவிக்குத் தனியான மூன்று ஒயர் வழியும் அதற்கேற்ற சுற்றமைப்பும் வேண்டும். 14 அங்குல டிவியில் அது எங்கே இருக்கிறது?

சேனல் பக்கமும் இதே நியாயம்தான். கூட்டச் சண்டைக் காட்சியில், மழைக் காட்சியில், படம் கட்டம் கட்டமாக உடைவது ஒளிபரப்புகிறவர் நெருக்கி அழுத்தி அனுப்பியதால். அங்கே தொலைந்த விவரத்தை உங்கள் வீட்டுப் பெட்டியால் மீட்க முடியாது.

4. "நான் கண்ணால் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது" என்கிறவர்களுக்கு என்ன பதில்? இதுதான் எதிர்த்தரப்பின் மிக வலுவான சான்று. அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. படம் உண்மையாகவே நன்றாகியிருக்கும். எதனால் என்பதுதான் கேள்வி.

புதுப் பெட்டி மாட்ட வருகிறவர் என்னென்ன செய்கிறார் என்று கவனியுங்கள். மொட்டைமாடியில் டிஷ்ஷைத் திருப்பிச் சிக்னலைப் பார்க்கிறார். துருப்பிடித்த கனெக்டரை வெட்டி எறிந்து புதிது போடுகிறார். எலி கடித்த ஒயரை மாற்றுகிறார். இதுவரை ஆண்டெனா பின்னில் இருந்ததை, பெட்டியோடு வந்த ஏவி ஒயரில் மாட்டுகிறார். போகும்போது ரிமோட்டை எடுத்து நிறத்தை நாலு புள்ளி கூட்டிவிட்டுப் போகிறார். ஒரே பிற்பகலில் ஐந்து காரியங்கள். அத்தனையும் படத்தை மாற்றக்கூடியவை. பாராட்டு மட்டும் பெட்டிக்குப் போகிறது, ஏனென்றால் பணம் கொடுத்தது அதற்கு. முதல் நான்கையும் பழைய பெட்டியை வைத்துக்கொண்டே செய்திருக்கலாம். ஒயருக்கும் கனெக்டருக்கும் ஆகும் காசில் முடிந்திருக்கும்.

சரிபார்ப்பது எளிது. புது ஒயரை அப்படியே விட்டுவிட்டு, பழைய பெட்டியைத் திரும்ப மாட்டிப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எது எதைச் செய்தது என்று தெரியும். இந்தச் சோதனையைச் செய்துகாட்டி விற்கிற கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

5. டியூபே களைத்திருந்தால்? பிக்சர் டியூபுக்கு ஆயுள் உண்டு. பின்னால் இருக்கும் கேத்தோடு ஆண்டுக்கணக்கில் எலக்ட்ரான்களை உமிழ்ந்து தேய்ந்துவிடும். வெளிச்சம் குறையும், போட்டதும் படம் வரத் தாமதமாகும், ஒரு நிறம் மட்டும் தூக்கலாக நிற்கும். ஃபோகஸ் நழுவினால் எழுத்துகள் கசியும். இந்த நோய்கள் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவை. பெட்டி இருப்பதோ கண்ணாடிக்கு வெளியே. ஃபோகஸையும் நிற அளவையும் திருத்தத் தெரிந்த பழைய டிவி மெக்கானிக் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறார், வேலைதான் குறைந்துவிட்டது. அவரைக் கூப்பிடுங்கள். நீங்களே மூடியைக் கழற்றாதீர்கள். உள்ளே இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு அழுத்தம் நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் நிற்கும்.

6. மலையில் படம் கெடுவதற்குக் காரணம் வானம். அதற்கும் பெட்டியை மாற்றச் சொல்வதுதான் கீழே இருப்பவர்கள் மலைக்குச் சொல்லும் ஆலோசனைகளில் மிக மோசமானது. ஊத்தும் நாலுமுக்கும் வடகிழக்குப் பருவத்தில் மாநிலத்தின் மழைப் பட்டியலில் முதல் வரிசையில் நிற்கும் ஊர்கள். தென்மேற்கும் அங்கே சும்மா விடாது. ஆயிரம் மீட்டருக்கு மேல் மேகமே வீட்டுக்குள் வந்து போகும் இடம். டிஷ் சேவைகள் பயன்படுத்தும் கேயூ அலைவரிசையை மழைத்துளி உறிஞ்சும், சிதறடிக்கும். மழை கனத்தால் படம் கட்டமாக உடைகிறது, உறைகிறது, கடைசியில் "சிக்னல் இல்லை" என்று நிற்கிறது. டிஜிட்டல் படத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மங்குவது கிடையாது. ஓர் எல்லை வரை முழுப் படம், அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை.

இதற்கு எச்டி பெட்டி என்ன செய்யும்? பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. அளவு பெரிய டிஷ், அசையாமல் சிமென்டில் ஊன்றிய கம்பம், டிஷ்ஷில் சிக்னலை வாங்கும் நல்ல எல்என்பி, தண்ணீர் புகாமல் டேப் சுற்றிய கனெக்டர், குறியைத் துல்லியமாகப் பார்த்த திசை: மலைக்குத் தேவையானவை இவைதான். டிடி ஃப்ரீ டிஷ் வரும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் 93.5 பாகை கிழக்கில் நிற்கிறது. மாஞ்சோலையிலிருந்து பார்த்தால் கிழக்கிலிருந்து கொஞ்சம் தெற்கே, அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 69 பாகை உயரத்தில். அவ்வளவு செங்குத்தாக நிற்பதால் எதிர்மலை மறைக்காது; வீட்டோரத்துச் சில்வர் ஓக்கின் நனைந்த கிளை மறைக்கும். ஒரு கிளையை ஒதுக்கினால் தீரும் குறைக்குப் பெட்டி மாற்றச் சொல்வது என்ன நியாயம்?

7. "சரி, தட்டை டிவிக்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். இங்கே நான் ஒரு பகுதியை ஒப்புக்கொள்கிறேன், அது உண்மை என்பதால். வீட்டில் இருப்பது பத்தாண்டுப் பழைய 32 அங்குல எல்இடி, அதில் எச்டிஎம்ஐ துளை இருக்கிறது, இதுவரை ஏவி ஒயரில் எஸ்டி பெட்டியை மாட்டிப் பார்த்துவந்தீர்கள் என்றால், எச்டி பெட்டியை எச்டிஎம்ஐயில் மாட்டியதும் படம் நிச்சயமாக நன்றாகும். அங்கே இன்னும் ஏற இடம் இருக்கிறது. நான் சொல்லிவரும் கணக்குக்கு அது முரணல்ல, அதே கணக்குதான்.

அதற்கு மேல் 4கே ஸ்டிக் வாங்குவதை எதிர்க்கிறேன். "எச்டி ரெடி" என்று விற்ற அந்த டிவியின் திரையில் பதித்திருப்பது அகலத்தில் 1366, உயரத்தில் 768, மொத்தம் பத்தரை லட்சம் புள்ளிகள். 4கே படத்தில் 83 லட்சம். எட்டில் ஏழு பங்கை எறிந்துவிட்டுத்தான் அந்தத் திரையில் காட்ட முடியும். கண்ணின் கணக்கையும் பாருங்கள். பத்தடிக்கு அப்பால் ஆரோக்கியமான கண் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டரைவிடச் சிறியதைப் பிரித்துக் காண்பதில்லை. 32 அங்குலத் திரையில் ஒரு புள்ளியின் அகலமோ அரை மில்லிமீட்டர். இருக்கிற புள்ளியையே உங்கள் கண் எண்ண முடியாதபோது எட்டு மடங்கு எதற்கு? புது ஸ்டிக்கில் ஆப் வேகமாகத் திறக்கும், புதிய சுருக்க முறைகள் ஓடுவதால் இணையம் மெதுவாக உள்ள இடத்தில் படம் குறைவாக உடையும். அந்த வசதிக்காக வாங்குகிறவர் அதற்காக என்று தெரிந்து வாங்கட்டும். அதற்கும் 4கே என்று எழுதியது தேவையில்லை, விலை குறைந்ததே போதும்.

பிக்சர் டியூப் டிவிக்கு எச்டிஎம்ஐயை ஏவியாக மாற்றும் சிறு டப்பி ஒன்றை மாட்டி ஸ்டிக்கைச் செருகச் சொல்கிறவர்களும் உண்டு. 14 அங்குலத் திரையில் அந்த மெனு எழுத்துகளை வாசிக்கவே முடியாது. வீட்டுப் பெரியவர்கள் எந்தப் பட்டனை அழுத்துவது என்று தெரியாமல் இரண்டு நாளில் கைவிட்டுவிடுவார்கள்.

8. செலவு பெட்டியோடு முடிவதில்லை. எச்டி பெட்டி வாங்கியவருக்கு எச்டி சேனல் கட்டணமும் வரும், மாதாமாதம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கட்டண முறையில் ஒரு சேனலின் எஸ்டி வடிவமும் எச்டி வடிவமும் தனித்தனிச் சேனல்கள், தனித்தனி விலை. இணைப்புக் கட்டணத்துக்குச் சேனல்களை எண்ணும்போது ஓர் எச்டி சேனலை இரண்டு எஸ்டி சேனலாகக் கணக்கிட்டார்கள். 576 வரிகளுக்கு மேல் காட்ட முடியாத திரைக்கு 1080 வரிக்கான சந்தா! "பிறகு புது டிவி வாங்கும்போது உதவுமே" என்கிறார்கள். அப்படியானால் டிவியை வாங்கும் அன்றைக்குப் பெட்டியை வாங்கலாமே. இடைப்பட்ட மாதங்களுக்கு ஏன் கட்ட வேண்டும்?

கூடுதல் சேனல் கிடைக்கிறது என்பது தனி வாதம், அதை மறுக்கவில்லை. டிடி ஃப்ரீ டிஷ்ஷில் எம்பெக்-4 என்ற சுருக்க முறையில் வரும் சேனல்களைப் பழைய எம்பெக்-2 பெட்டி திறக்காது. அந்தச் சேனல்கள் வேண்டுமென்றால் பெட்டியை மாற்றத்தான் வேண்டும். சேனலுக்காக மாற்றுங்கள். படத்துக்காக என்று சொல்லி விற்காதீர்கள்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு எதிர்முனைக்கு ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள்: "அப்போ அந்தப் பழைய டப்பாவத் தூக்கிப் போட்ருங்க." அதையும் நான் ஏற்கவில்லை. நல்ல நிலையிலுள்ள பிக்சர் டியூப் டிவி, எஸ்டி படத்தை அதற்கென்றே செய்த கருவி. 576 வரிப் படத்தைப் பெரிய 4கே திரையில் இழுத்துக் காட்டும்போது வரும் கொழகொழப்பு அதில் வராது. கறுப்பு கறுப்பாகத் தெரியும். வேகமான பந்து இழுபடாமல் ஓடும். பழைய படங்களும் செய்தியும் பார்க்கிற வீட்டுக்கு அது போதும். தூக்கிப் போட்டால் எங்கே போகும் என்பதும் ஒரு கேள்வி. அந்தக் கனமான கண்ணாடியில் ஈயம் கலந்திருக்கிறது. செம்புக் கம்பிக்காக உடைத்து, மிச்சத்தை ஆற்றோரத்தில் கொட்டினால் தாமிரபரணிதான் அதைச் சுமக்க வேண்டும். டிவியின் ஆயுள் முடிந்தால் மின்கழிவு வாங்க அனுமதி பெற்றவரிடம் முழுதாகக் கொடுங்கள்.

பழைய டிவியில் படத்தை மேம்படுத்த உண்மையாகவே வழி இருக்கிறதா? இருக்கிறது, ஏறத்தாழ எல்லாமே செலவில்லாதவை. பெட்டியை ஆண்டெனா பின்னிலிருந்து கழற்றி ஏவி துளையில் மாட்டுங்கள். இந்த ஒன்றே பெரும்பாலான வீடுகளில் எச்டி பெட்டி தருவதாகச் சொன்ன மாற்றத்தைத் தந்துவிடும். பெட்டியின் செட்டிங்கில் திரை வடிவத்தை நான்குக்கு மூன்று என்று வையுங்கள். டிவியில் ஷார்ப்னஸைக் குறையுங்கள். கூட்டினால் விவரம் கூடாது, எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடுதான் கூடும். நிறத்தை ஒரு மனித முகத்தை வைத்துச் சரிசெய்யுங்கள், சிவந்த சட்டையை வைத்து அல்ல. ஒலிபெருக்கியை டிவிக்குப் பக்கத்திலிருந்து தள்ளிவையுங்கள். அதன் காந்தம் மூலையில் பச்சைத் திட்டு விழச்செய்யும். திரையைத் துடையுங்கள். அடுப்புப் புகையும் சாம்பிராணியும் படிந்த கண்ணாடியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றிவிட்டுப் பாருங்கள்.

இதற்குப் பிறகும் படம் போதவில்லை என்று தோன்றினால், அது அந்த டிவியின் எல்லை. பணம் சேரும்வரை இருப்பதை வைத்திருந்து, சேர்ந்ததும் டிவியை மாற்றுங்கள்.

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். புதுப் பெட்டிக்குப் பணம் கொடுக்குமுன் கடைக்காரரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் டிவியில், உங்கள் ஒயரில், ஒரே சேனலைப் பழைய பெட்டியிலும் புதுப் பெட்டியிலும் அடுத்தடுத்துப் போட்டுக்காட்டச் சொல்லுங்கள். வேறுபாடு உங்கள் கண்ணுக்குத் தெரியாவிட்டால் வாங்காதீர்கள்.